திசை சரிபார்க்கப்பட்ட இசைத்தட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால் சொன்ன நாக்கு அழுகட்டும். ஒரு சொல்லைக் குறைத்திருந்தால் கேட்ட காது... வேண்டாம், கேட்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள், அவர்கள் காது நன்றாகவே இருக்கட்டும்.

ஒலி மரபு மீட்பு வாரியத்தில் தட்டு வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். இசைத்தட்டை அச்சிடுவதற்கு முன் அதன் தாய்த்தட்டைத் தயார் செய்ய வேண்டும். கறுப்பு அரக்கு பூசிய தட்டு சுழலும்; அதன்மேல் ஊசி முனை இறங்கிப் பாட்டை ஒரு கோடாகக் கீறிக்கொண்டே போகும். தலைமயிர் அளவுகூட இல்லாத அந்த ஒரே கோடு, வெளி விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியும். இதுதான் அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கீறல். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கீறல் பயந்த சுபாவம். பழுப்பு உறையைக் கண்டால் பயம். போன் அடித்தால் பயம், அடித்து நின்றுவிட்டால் அதைவிடப் பயம். "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் சாவிக்கொத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இடைவெளிப் பிரிவு என்று ஒன்று இருந்தது.

இசைத்தட்டில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நாலு வினாடி மௌனம் இருக்கும் அல்லவா? அந்த மௌனம் மௌனமாகத்தான் இருக்கிறதா என்று கேட்டுச் சான்று கொடுக்கும் பிரிவு அது. வாரியத்திடம் உள்ள ஒன்பதாயிரம் தட்டுகளின் மௌனத்தையும் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். வாய் நீண்டவர்களை அங்கேதான் மாற்றுவார்கள். நாடா ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருமுறை கூட்டத்தில், "சார், இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யலீங்க" என்று சொல்லிவிட்டு அங்கே போனார். இரண்டு வருடம் கழித்து ஏறி வந்தபோது அவருடைய பேச்சு முழுக்கக் குசுகுசுப்பாகியிருந்தது. வீட்டில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார் என்று அவர் மனைவி அழுதாள். அந்த ஸ்பீக்கர் இன்றும் வேலை செய்யவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் "மழைக்கு ஒதுங்கியவர்கள்" என்ற பழைய இசைத்தட்டை மறுபடி வெளியிடுவது என்று முடிவாயிற்று.

அது நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தட்டு. நாட்டுப்புறப் பாட்டை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிற நாலு பேரும், ஜாஸ் வாசிக்கிற மூன்று பேரும் ஒரே நாள், ஒரே மணிக்கு, ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் வந்து நின்றார்கள். முன்பதிவு எழுத்தர் இரண்டு கோஷ்டிக்கும் ஒரே நேரத்தை எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே கொட்டுகிற மழை. கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். சண்டை அலுத்துப்போய்ச் சேர்ந்து வாசித்தார்கள். அவ்வளவுதான். வாரியத்தின் ஆவணங்களில் இது "தொலைநோக்கோடு திட்டமிடப்பட்ட பண்பாட்டுச் சங்கமம்" என்று இருக்கிறது. அந்த எழுத்தர்தான் இன்றைக்கு வாரியத் தலைவர்.

ஜாஸ் மூவரில் ட்ரம்பெட் ஊதியவன் கீறலின் மனைவிக்கு அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்தவன். பதிவு முடிந்த மூன்றாம் வாரம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான், வயது இருபத்தாறு. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு அவன் சிரித்துக்கொண்டே ஏதோ பேசுவான். ஒலிப்பதிவு செய்தவர் அதை வெட்டாமல் விட்டுவிட்டார். உலகத்தில் அவன் குரல் இருந்தது அங்கே மட்டும்தான். தங்கை அதைப் போட்டுப் போட்டுக் கேட்டதில் அந்த இடம் தேய்ந்தே போயிற்று. தட்டின் நடுவில் சுற்றுகள் சிறுத்து நெருக்கமாக இருக்கும், அங்கேதான் சீக்கிரம் தேயும். அவளுக்குக் கல்யாணமான நாளிலேயே அந்த இடத்தில் ஊசி "கிரீச்" என்று துள்ளிக் குதிக்கும். அன்று அச்சிட்டதே முந்நூறு தட்டு. வேறு பிரதி தேடி அவள் ஏறாத கடை இல்லை.

முப்பது வருடமாகக் கீறல் கேட்டுப் பார்த்துவிட்டார். "அப்படி என்னதான் சொன்னாரு உங்கண்ணன்?"

"அவன் வாயால கேட்டுக்குங்க" என்பாள் அவள். "நான் சொன்னா அது என் குரல்."

மறுவெளியீடு என்று கேள்விப்பட்டதும் அவள் துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"மூல நாடா இருக்குல்ல?"

"இருக்கு."

"அது தேயாம இருக்கும்ல?"

"இருக்கும்."

"தட்டு வெட்டப் போறது நீங்கதானே?"

"நான்தான், வேற யாரு."

"அப்ப சத்தியம் பண்ணுங்க. எங்கண்ணன் பேசறது ஒழுங்கா கேக்கணும்."

கீறல் சத்தியம் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தைரியமான காரியம் அது. அதுவும் யோசிக்காமல் செய்தது.

முதலில் கேட்பு நாள் வந்தது. மூல நாடாவை ஏழு உறுப்பினர்களும் கேட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும். கேட்பு அறையின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழு நாற்காலி, ஏழு மூடி போட்ட தண்ணீர் டம்ளர். உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டு, எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள்: "கேட்பதைக் கேட்பேன். கேட்காததையும் கேட்டதாகவே கருதுவேன்."

இங்கே நாடாக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாடா ஓடி முடிந்ததும் அதைத் திரும்பச் சுற்றாமல், பாட்டின் கடைசி வெளியே இருக்கிறபடி அப்படியே பெட்டியில் வைப்பார்கள். அப்படி வைத்தால் நாடா சீராக இருக்கும், ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் ஆவி மாதிரி ஒட்டாது. மறுபடி போடுவதற்கு முன்னால் ஒருமுறை திருப்பிச் சுற்றிக்கொள்ள வேண்டும். மறக்கக் கூடாது என்று பெட்டிமேல் சிவப்புப் பென்சிலால் "வால் வெளியே" என்று எழுதியும் வைப்பார்கள். அந்தப் பெட்டியிலும் எழுதியிருந்தது. அதைப் படித்த பாதுகாப்புப் பிரிவு மூன்று எலிப்பொறி வாங்கி வைத்து, பத்து நாள் காத்திருந்து, "எலி அகப்படவில்லை, வாலை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம்" என்று கோப்பை முடித்தது.

ஆனால் நாடாவை ஏன் சுற்றவில்லை என்பதற்கு எலி காரணமில்லை, விதி பதினான்கு காரணம். "மரபு நாடா எந்த நிலையில் கிடைத்ததோ அந்த நிலையிலேயே இயக்கப்பட வேண்டும். முன்னோ பின்னோ சுற்றுவது சேதம் விளைவித்ததாகக் கருதப்படும்."

ஆகவே சுற்றாமல் போட்டார்கள். நாடா கடைசியிலிருந்து தொடங்கி ஆரம்பத்தை நோக்கி ஓடியது.

கீறல் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் வினாடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தாளத்தகட்டின் ஓசை எங்கிருந்தோ பெருகிப் பெருகி வந்து, டக்கென்று அறுந்தது. பியானோ மூச்சை உள்ளே இழுத்தது. பாடகன் யாரோ கழுத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி சொற்களை விழுங்கினான். யாராவது சொல்வார்கள் என்று கீறல் ஏழு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

ஏழு முகமும் உருகிக்கொண்டிருந்தன.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "எந்த மொழியில பாடறாங்க?" என்றார்.

கேட்பு அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒலி விஷயத்தில் வாரியத்துக்கு அவர் சொன்னதுதான் வேதம். "புரிஞ்சா நாட்டுப்புறம், புரியலேன்னா ஜாஸ். இது ஜாஸ் பகுதி."

"முழுக்கவே புரியலையே?"

"அதுதான் சங்கமம்."

புது உறுப்பினர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாடா முடிந்ததும் தலைவர் எழுந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நண்பர்களே, நான் இந்தப் பதிவு நடந்தப்ப கட்டிடத்துலயே இருந்தவன். அன்னிக்கு எனக்கு இது ஒண்ணும் பெரிசா படல. சுமாரான பாட்டு, காலால தாளம் போடலாம், வீட்டுக்குப் போற வழியில முணுமுணுக்கலாம், அந்த ரகம். இன்னிக்குக் கேக்கறப்பதான் அதோட ஆழம் தெரியுது. காலால தாளம் போட முடியல. முணுமுணுக்கவும் முடியல. காலம் ஒரு கலைப்படைப்பை எப்படி வளர்க்குது பாருங்க!"

கைதட்டினார்கள். ஒவ்வொருவரும் "கேட்டேன்" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். படிவம் கீறலிடமும் வந்தது.

"என்ன கீறல், முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் கேட்பு அதிகாரி.

"ஒண்ணுமில்லீங்க சார். ரொம்ப... ஆழமா இருந்துச்சு."

"ஜாக்கிரதை. பழக்கமில்லாதவங்களுக்கு மயக்கம்கூட வரும்."

கீறல் கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி வாசலிலேயே மறித்தாள். "பேசினானா?"

"பேசினாரு."

"தெளிவா இருந்துச்சா?"

"தெளிவாத்தான் இருந்துச்சு."

"என்ன சொன்னான், சொல்லுங்க பாப்போம்?"

கீறல் செருப்பைக் கழற்றினார். "அது... பின்னாலேர்ந்து முன்னால வந்துச்சு."

முழுவதையும் சொன்னார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏழு பேர் உக்காந்திருந்தாங்க, ஒருத்தருக்கும் தெரியல?"

"கண்ணை மூடிட்டு இருந்தாங்க."

"காதையுமா மூடிட்டு இருந்தாங்க? சரி, அவங்க போகட்டும். உங்க வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"கீழ்த்தளம்..." என்று ஆரம்பித்தார் கீறல்.

"கீழ்த்தளத்துக்கு அனுப்பினா ரெண்டு வருஷம் மௌனம். இங்க எனக்கு முப்பது வருஷமா மௌனம். போய்ச் சொல்லிட்டு வாங்க. ஆதாரம் கேட்டா இதைக் காட்டுங்க." அலமாரியிலிருந்து அந்தப் பழைய தட்டை எடுத்து, துணிப்பையில் போட்டு, அவர் தோளில் மாட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

மறுநாள் வாரியச் செயலாளர் மிகவும் அன்பாகப் பேசினார். கீறலுக்கு அதுவே பயமாக இருந்தது.

"உக்காருங்க கீறல். இந்த வாரியத்துல எதையும் மறைக்கறதில்ல. தப்பு நடந்தா அந்த நிமிஷமே ஒத்துக்குவோம்னு விதியிலயே இருக்கு. அதனாலதான் இதுவரைக்கும் ஒரு தப்பும் நடக்கல."

"நாடா தலைகீழா ஓடிச்சுங்க சார். திருப்பிச் சுற்றினா சரியாயிடும். மூணே நிமிஷம்."

"மூணு நிமிஷமா?" செயலாளர் சிரித்தார். "ஏழு பேர் கேட்டு, கையெழுத்துப் போட்டு, தலைவர் அழுதிருக்காரு. அவர் அழுதது குறிப்பேட்டுல ஏறியாச்சு. அந்தக் கண்ணீரைத் திருப்பிச் சுற்ற முடியுமா, சொல்லுங்க?"

முடியாதுதான் என்று கீறல் ஒப்புக்கொண்டார்.

"ஆனா உங்க சந்தேகத்தை மதிக்கறோம். குழு போடறேன்."

திசை நிர்ணயத் துணைக்குழு அடுத்த வாரம் கூடியது. அதே ஏழு பேர், அதே ஏழு டம்ளர். தலைவர் கீறலைப் பார்த்துக் கேட்டார்: "இது பின்னால ஓடுதுங்கறீங்க. எதுக்குப் பின்னால?"

"பாட்டுக்குங்க, ஐயா."

"பாட்டு எது முன்னால ஓடுதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கீறல் பையிலிருந்து பழைய தட்டை எடுத்து நீட்டினார். போட்டுப் பார்த்தார்கள். கிட்டாரும் ட்ரம்பெட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. பாடகன் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி பாடினான். ஒரு உறுப்பினரின் கால் தன்னையறியாமல் தாளம் போட ஆரம்பித்தது. அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

தலைவர் எழுந்து வந்து, சுழலும் தட்டைக் குனிந்து பார்த்தார். கீறலுக்கு ஒரு நிமிடம் நம்பிக்கைகூட வந்தது.

"எவ்வளவு பெரிய அநியாயம்!" என்றார் தலைவர். "நாப்பது வருஷமா இதை ஜனங்க தலைகீழா கேட்டுட்டு இருந்திருக்காங்க. ஒருத்தர்கூட புகார் குடுக்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"சார், இதுதான் நேர்..." என்றார் கீறல்.

"மூல நாடா எங்க கையில இருக்கு. அது ஒரு திசையில ஓடுது. இந்தத் தட்டு அதுக்கு எதிர்த்திசையில ஓடுது. மூலத்துக்கு எதிரா ஓடறது எதுவோ, அதுதானே தலைகீழ்? சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

வாக்கெடுப்பு நடந்தது. நாடா முன்னோக்கி ஓடுகிறது என்று ஆறு பேர். பின்னோக்கி என்று யாருமில்லை. புது உறுப்பினர் மட்டும், யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல், பக்கவாட்டில் ஓடுகிறது என்று எழுதினார். அன்றே விதி பதினான்கு 'ஆ' பிறந்தது: எந்த இசைத்தட்டையும் வாரியம் நிர்ணயித்த திசைக்கு எதிராக இயக்குவது குற்றம். பழைய தட்டு வைத்திருப்பவர்கள் உடனே ஒப்படைக்க வேண்டும்.

முதல் தட்டு அங்கேயே ஒப்படைக்கப்பட்டது. கேட்பு அதிகாரி அதை ஒரு பழுப்பு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, "தலைகீழ்ப் பிரதி. கேட்கத் தகாதது" என்று எழுதினார். கீறலுக்கு ரசீது கிடைத்தது.

அன்று கீறல் பஸ்ஸில் தம் நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனார். நான்காவது முறை கண்டக்டர், "வீட்ல சண்டையா சார்?" என்றார். "இனிமேதான்" என்றார் கீறல்.

சண்டை நடக்கவில்லை. மனைவி வெறும் பையைப் பார்த்தாள். கையை நீட்டி ரசீதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக் கேக்கவா?" என்றாள்.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கத்தியிருந்தால் கீறல் பிழைத்திருப்பார். இடைவெளிப் பிரிவு அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டது. காலையில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஓசை, மாலையில் அதை எடுக்கும் ஓசை, நடுவில் ஒன்றுமில்லை. வெளியே தெருவில் நிலைமை வேறு. கேட்பு ஆய்வாளர்கள் வீடு வீடாக வந்து சுவரில் காது வைத்துக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் விக்கினார் என்று அவரை அரை நாள் விசாரித்தார்கள். விக்கல் உள்ளே போகிற சத்தமா வெளியே வருகிற சத்தமா என்று அவரால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

வெட்டும் நாள் வந்தது. கீறல் மனத்துக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். யாரும் பார்க்காதபோது நாடாவைத் திருப்பிச் சுற்றிவிடுவது. மூன்றே நிமிடம். அறைக்குள் நுழைந்தபோது கேட்பு அதிகாரி நாற்காலி போட்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் மடியில் கிடந்தது.

"ஆரம்பிங்க. திசையை நான் பாத்துக்கறேன்."

திட்டம் அங்கேயே செத்தது. கீறல் முதல் பக்கத்தை வெட்டி முடித்தார். இரண்டாம் பக்கத்துக்கு உரிய தனி நாடாவை மாட்டி, புதுத் தட்டை வைத்து, தூசி ஊதி, உருப்பெருக்கியில் ஊசி முனையைப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. அரக்கில் விழுந்தால் தட்டு போச்சு. முழங்கையால் துடைத்துக்கொண்டார். நாடாவை ஓட்டிப் பார்த்தபோது முதலில் வந்தது என்ன?

மச்சானின் குரல். தலைகீழாக, கொழகொழவென்று, ஒன்றும் விளங்காமல்.

அப்போதுதான் கீறலுக்கு உறைத்தது. பழைய தட்டில் அந்தக் குரல் கடைசியில், நடுவில், நெருக்கியடித்த சுற்றுகளில் கிடந்து தேய்ந்தது. இப்போது அது முதலில் வருகிறது. வெளி விளிம்பில் விழப்போகிறது. தட்டில் மிகவும் அகலமான இடம், ஊசி தாராளமாக ஓடுகிற இடம், ஒலி தெளிவாக உட்காருகிற இடம்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இடத்தை வழக்கத்தைவிட இரண்டு பங்கு விட்டார். ஒலியைக் கொஞ்சம் ஏற்றினார். பிறகு ஊசியை இறக்கினார். அரக்கு இழை சுருள் சுருளாக எழுந்து உறிஞ்சுக் குழாய்க்குள் போயிற்று.

"என்னமோ திருகினீங்களே?" என்றது முதுகுக்குப் பின்னால் குரல்.

"ஆழத்தை... ஏத்தினேங்க சார். தலைவர் ஆழம்னாரே."

"நல்லது. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினார். முப்பது வருடத்தில் அவர் வெட்டிய மிகச் சிறந்த கோடு அது.

வெளியீட்டு விழாவுக்குப் பழைய கோஷ்டியில் உயிரோடிருந்த ஒரே ஆளை, பாஸ் கிட்டார் வாசித்தவரை, மேடையில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் பதக்கம் போட்டு, தட்டை ஓடவிட்டார்கள். கிழவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அரங்கமே அவர் முகத்தைப் பார்த்தது. ஓரத்தில் தட்டு மாற்றுவதற்காக நின்றிருந்த கீறல் அடுத்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். இந்த மனிதர் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது.

கிழவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். ஏழு உறுப்பினர்களையும் பார்த்தார். வாசலில் நின்ற ஆய்வாளர்களைப் பார்த்தார்.

"நாங்க இவ்வளவு நல்லாவா வாசிச்சோம்?" என்றார்.

கூரை அதிரக் கைதட்டல். இறங்கும்போது கிழவர் கீறலின் தோளைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், "தம்பி, இது பின்னாலேர்ந்துதானே ஓடுது?" என்றார்.

"ஆமாங்க."

"கீழ்த்தளம்னு ஒண்ணு இருக்காமே, நெசமா?"

"நெசங்க."

"அப்ப இது முன்னாலதான் ஓடுது" என்று சொல்லிவிட்டுக் கிழவர் காருக்குப் போனார்.

மறுநாள் விமரிசனங்கள் வந்தன. எல்லாரும் பாராட்டியிருந்தார்கள். வேலை செய்தவர் என்ற முறையில் கீறலுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அட்டையின் மூலையில் தங்க நிறத்தில் "திசை சரிபார்க்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்தது.

விடுமுறை நாள், பகல் பதினொரு மணி. கீறல் அந்தத் தட்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். மனைவி பேச்சை நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் உறையைப் பிரித்தாள். இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். ஊசி இறங்கியது. கொழகொழவென்று ஒரு குரல். அவள் திரும்பிக் கீறலைப் பார்த்த பார்வைக்குக் கீழ்த்தளமே தேவலை.

"நான் சொல்றதைக் கேளு. அது வெளி ஓரத்துல..." என்று ஆரம்பித்தார் கீறல்.

அவள் கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்தினாள். ஊசியை எடுக்காமலே, தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தின்மேல் விரலை வைத்து, வந்த வழியே திருப்பிச் சுற்றினாள். முப்பது வருடம் தட்டு வெட்டியவருக்கு ஊசியை மேலே எடுக்காமல் அப்படிச் சுற்றுவதைப் பார்த்து நெஞ்சு அடைத்தது. விதி பதினான்கு 'ஆ' என்று எண்ணி இன்னொரு முறை அடைத்தது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். தெருவில் யாரோ நடந்து வருகிற சத்தம். செருப்பு, நிதானமாக, ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று நின்று.

"ஆய்வாளர்! நிறுத்து, நிறுத்து!"

அவள் நிறுத்தவில்லை. முதலில் வேகமாகச் சுற்றிவிட்டாள், குரல் பச்சைக்குழந்தை மாதிரி கீச்சிட்டது. மறுபடி கொஞ்சம் முன்னால் தள்ளி, மெதுவாகத் திருப்பினாள். இந்த முறை குரல் தடித்து, தளர்ந்து, அறுபத்தேழு வயதுக் கிழவனின் குரலாக வந்தது. இருந்திருந்தால் அவனுக்கு இப்போது அந்த வயதுதான். அவள் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அதைக் கடந்துபோக அவளுக்கு மனசில்லை போலிருந்தது. பிறகு மூன்றாம் முறை சுற்றினாள். இப்போது வேகம் சரியாக அமைந்தது. சிரிப்போடு, பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி, இருபத்தாறு வயதுக் குரல்:

"போதும்பா, மழை விட்டுடுச்சு, நான் கெளம்பறேன். தங்கச்சி சாப்பிடாம எனக்காக முழிச்சிட்டு உக்காந்திருப்பா."

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கீறல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார்.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு மனைவி வாயைத் திறந்தாள்.

"பொய். அன்னிக்கு நான் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன்" என்றாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சுற்றினாள்.

இப்போது வாரியத்தின் பணியாளர் பட்டியலைப் பார்த்தால், தட்டு வெட்டுகிறவர் பதவி, கீறல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே, முப்பத்தொரு வருடமாகக் காலியாக இருக்கிறது.